நீ யாரென்று கேட்ட நாட்கள்

என் மனைவியைப் பார்த்து "நீ யாரு?" என்று நான் கேட்டேன். மயக்கத்தில் ஏதோ உளறிவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் பெரிய மனதோடு சொல்வார்கள். எனக்கு அது உளறலாகத் தெரியவில்லை. கேட்ட நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அவள் கட்டிலுக்கு வலதுபக்கம் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தேன். யோசித்தேன். அதன் பிறகுதான் கேட்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. உப்பளம் என்கிற பகுதியில் வீடு, நோணாங்குப்பம் போட் ஹவுஸில் வேலை. படகு ஓட்டுகிறவன் இல்லை. ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, தலைகளை எண்ணிப் படகை அனுப்புகிறவன். ஒரு படகுக்கு இத்தனை பேர் என்றால் அதற்கு மேல் ஒரு ஆள் ஏறக் கூடாது. "ஒண்ணா வந்தவங்க சார், ஒருத்தருதான, ஏத்திக்குங்க" என்று குடும்பமாக நின்று கெஞ்சுவார்கள். ஏற்ற மாட்டேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட வரிசையில் எத்தனை பேர் என்று கண் தானாக எண்ணிவிடும்.

வலி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. ஞாயிறு என்றால் எங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது. ஒரு சோடா குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். திங்கட்கிழமை அதே வலி வலதுபக்கம் கீழே இறங்கியது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். "டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்று என் மனைவி இரண்டு தடவை சொன்னாள். செவ்வாய்க்கிழமை மதியம் வலி சட்டென்று நின்றுவிட்டது. "பாத்தியா, தானா போயிடுச்சி" என்று அவளுக்குப் போன் செய்து சொன்னேன். அன்று சாயங்காலம் குளிர்ஜுரம் வந்து என்னைக் கட்டிலோடு தூக்கிப் போட்டது. வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வயிற்றில் கை வைத்தார், நான் கத்தினேன். குடல்வால் வெடித்து உள்ளே முழுக்கச் சீழ் பரவியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். என் கண்ணாடி, மோதிரம், செல்போன் மூன்றையும் வாங்கி மனைவியிடம் கொடுத்தார்கள். அவள் அவற்றைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடியதைப் பார்த்தேன். அதுவரைதான் என் நினைவு நேராக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். முதல் நான்கு நாள் வாயில் குழாய் வைத்து மெஷின்தான் மூச்சுவிட்டது என்று சொன்னார்கள். அதுபற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. குழாயை எடுத்த பிறகு நடந்ததுதான் எனக்குத் தெரியும். அது ஆஸ்பத்திரியில் நடந்ததாக என் புத்தியில் இல்லை.

நான் ஒரு படகில் இருந்தேன். பெரிய படகு, மேலே கூரை, வரிசையாக விளக்குகள். அங்கே பகல் இரவு என்று எதுவும் கிடையாது, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒருவர் உடம்பிலும் ஜாக்கெட் இல்லை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. மறுபடி எண்ணினேன், எட்டு. அந்த ஒரு ஆள் எங்கே என்று கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. எங்கேயோ மணி மாதிரி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இடதுபக்கம் படுத்திருந்த வயதானவர் மட்டும் விஷயம் தெரிந்தவராக இருந்தார். "லோ... லோ..." என்று கத்திக்கொண்டே இருந்தார். லோடு அதிகம், லோடு அதிகம் என்று அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. நானும் சேர்ந்து கத்தினேன். இறங்கி எல்லோருக்கும் ஜாக்கெட் மாட்ட வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. கையைப் பார்த்தால் கட்டியிருந்தது. பிறகு நாலு பேர் வந்து அந்தக் கிழவரைத் துணியோடு தூக்கினார்கள். தண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பொம்பளை வந்து வந்து நின்றாள். முகத்தில் மாஸ்க், தலையில் பச்சைத் தொப்பி, மேலே ஒரு அங்கி. "ஏங்க, நான்தாங்க" என்றாள். குரல் என் மனைவியின் குரல்தான். கண்ணும் அவளுடைய கண்தான். ஆனால் அது அவள் இல்லை. அவளை மாதிரியே ஒருத்தியைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறார்கள், நான் சத்தம் போடாமல் இருப்பதற்காக. எனக்கு அது இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரி தெளிவாக இருந்தது.

"நீ யாரு?" என்றேன்.

"உங்க பொண்டாட்டிங்க."

"என் பொண்டாட்டி அழுவ மாட்டா. நீ யாரு?"

அவள் வெளியே போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். மறுநாளும் அதையே கேட்டேன்.

பத்தாம் நாள் என்னை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இருந்தது, மரம் தெரிந்தது, காலையில் டீக்காரர் வந்தார். கண்ணாடி என் மூக்கில் இருந்தது. படகு எதுவும் இல்லை, இது ஆஸ்பத்திரி, எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. பேர் கேட்டால் சொன்னேன், கிழமை கேட்டால் சொன்னேன். ஆள் தெளிந்துவிட்டான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

எனக்குள்ளே ஒரு விஷயம் மட்டும் தெளியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவள் எனக்கு இட்லி பிட்டு ஊட்டுவாள். ஈரத்துணியால் காலைத் துடைத்துவிடுவாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியாக இருந்தது. இடதுபக்கப் புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்புகூட இருந்தது. ஆனால் அவளைப் பார்த்தால் எனக்குள்ளே எதுவும் அசையவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பது மாதிரி இருந்தது. அதனால் சோதிக்க ஆரம்பித்தேன்.

"நம்ம பொண்ணு பொறந்தன்னிக்கு எதுல ஆஸ்பத்திரிக்குப் போனோம்?"

"இன்னாத்துக்கு இப்ப அது? உங்க ஃபிரண்டு வேன்லதான். மழ."

சரியான பதில். ஆனால் இதை என் மகள் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அடுத்ததாக, கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் சரியாகச் சொன்னாள். நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தவுடன் எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

படுத்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். வயிற்றிலிருந்து ஒரு டியூப் தொங்கியது, அதன் முனையில் ஒரு பை. பையைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். கட்டில்களை எண்ணுவேன். கண்ணை மூடினால் அந்த மணி அடிக்கும், திறந்துவிடுவேன். எப்போது டிஸ்சார்ஜ் என்று ரவுண்ட்ஸ் வருகிற ஒவ்வொருவரையும் கேட்டேன். தரை துடைக்க வந்த அம்மாவைக்கூடக் கேட்டேன். "நான் இன்னா டாக்டரா?" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

வார்டுக்கு வந்த நான்காம் நாள் மதியம். என் மனைவி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. உப்பளம் என்ன தூரமா? ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அசல் ஆள் வீட்டில் இருப்பாள். இது எவ்வளவு மடத்தனம் என்று என் மண்டைக்குள் பாதி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மீதிப் பாதி காலைத் தரையில் வைத்து செருப்பைத் தேடியது.

பையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் தையல் இழுத்தது. வெளிநோயாளிகள் கூட்டத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. போர்ட்டிகோவைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே ஆட்டோக்கள் நிற்பது தெரிந்தது. இன்னும் இருபது முப்பது அடி இருக்கும். எதிரே அவள் வந்தாள், ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் கடையில் வாங்கிய பிரெட் பாக்கெட்.

"எங்க போறீங்க?"

"வூட்டுக்கு."

"வூட்டுக்கா? இப்படியேவா? எதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"என் பொண்டாட்டிய பாக்க."

ஃபிளாஸ்க்கை மெதுவாகத் தரையில் வைத்தாள். பிரெட்டை அதன்மேல் வைத்தாள். அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை. நடைபாதை ஓரத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரில் வெயிலில் நின்றேன். போகவும் முடியவில்லை, பக்கத்தில் போய் உட்காரவும் முடியவில்லை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி என் துண்டுக்குக் கீழே டியூப் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். வீல் சேர் வந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று நாலரை மணிக்கு ஒரு டாக்டரம்மா என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லை. மனநலப் பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது.

"நான் பைத்தியம் இல்ல மேடம். வயித்துல ஆபரேஷன் பண்ணவன்."

"வயித்துல ஆபரேஷன் பண்ணவங்கள பாக்கறதுதாங்க என் வேல. எங்க வார்டுல இருக்கறவங்கள விட மத்த வார்டுலதான் நான் அதிகம் சுத்துவேன். ஹார்ட், கிட்னி, எலும்பு, எல்லாம்." பிறகு, "என்னை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்றார்.

"இல்ல."

"நான் உங்கள அஞ்சு வாட்டி பாத்துட்டேன். மொத நாள் என் கைய புடிச்சி, ஜாக்கெட்ட மாட்டு, ஜாக்கெட்ட மாட்டுன்னு சத்தம் போட்டீங்க. போட் ஹவுஸ்ல இருக்கீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னப்புறம்தான் எந்த ஜாக்கெட்டுன்னு எனக்குப் புரிஞ்சுது."

எனக்குக் காது சூடானது. இவர் அங்கே இருந்தாரா? நான் பார்த்த படகில் இவர் இல்லையே.

ரத்தத்தில் சீழ் கலந்து உடம்பு அவ்வளவு தூரம் கெட்டுப்போனால் மூளையும் தடுமாறும் என்றார். மயக்க மருந்து, தூக்கமின்மை, எப்போதும் எரியும் விளக்கு எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டும். ஜுரத்தில் உடம்பு நடுங்குகிற மாதிரிதான் இதுவும், மனநோய் என்று பயப்பட வேண்டியதில்லை. ஐசியுவில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு வரும், ஆனால் வெளியே வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். "உங்களுக்குக் கண்ணாடி வேற இல்ல. இவரு கண்ணாடி போடுவாரான்னு கேட்டேன், அவங்க ஹேண்ட்பேக்க தொறந்து எடுத்துக் குடுத்தாங்க. அவ்ளோ நாளும் அவங்க பையிலயே இருந்திருக்கு. யாருக்கும் தோணல. அத மாட்டிவிட்டு, எதிர்ல ஒரு கடிகாரத்த வெக்கச் சொன்னேன். ஒரு சின்ன மாத்திரையும் எழுதினேன்."

பிறகு அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டு, நான் பார்த்ததை எல்லாம் சொல்லச் சொன்னார். படகைச் சொன்னேன், மணியைச் சொன்னேன், கிழவரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பற்றியும் சொன்னேன்.

"மூஞ்சி அவ மூஞ்சிதான் மேடம். ஆனா அவள பாத்தா மனசுல ஒண்ணும் வரல. அதான் பயமா இருக்குது."

"முகத்த அடையாளம் கண்டுக்கறது ஒண்ணு. நம்ம ஆளுன்னு உள்ள ஒரு நெருக்கம் வருது இல்ல, அது வேற ஒண்ணு. உங்களுக்கு மொதல்ல சொன்னது வேல செய்யுது, ரெண்டாவது இன்னும் முழுசா எழுந்திருக்கல. பெரும்பாலும் தானா வந்துரும். வந்துச்சா வந்துச்சான்னு பரீட்ச வெச்சிக்கிட்டே இருக்காதீங்க. அந்தக் கேள்வியெல்லாம் இன்னியோட நிறுத்திடுங்க."

மறுநாள் காலையில் அவர் என்னை வீல் சேரில் வைத்து ஐசியுவுக்கே கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் போக இஷ்டமில்லை. கதவு திறந்ததும் அந்த மணிச் சத்தம் கேட்டது. என்னைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் வந்து, "அண்ணா, இதுதான் உங்க கட்டிலு" என்று காட்டினார். மருந்து தீர்ந்தால் சத்தம் போடும் ஒரு சின்ன மெஷினைக் காட்டி, அதைத் தட்டி அடக்கினார். நான் படகென்று நினைத்த இடம் நாலு சுவருக்குள் ஒரு ஹால். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

"உங்கள நான் ஏதாவது பண்ணேனா சிஸ்டர்?"

"ஒதச்சீங்க. இங்க, முட்டில." அவர் சிரித்தார். "டியூப்ப புடுங்க வந்தீங்க, அதான் கைய மெத்துனு துணி வெச்சிக் கட்டுனோம். விடுங்கண்ணா. போன மாசம் ஒருத்தரு கடிச்சே வெச்சிட்டாரு."

மன்னிப்புக் கேட்டேன். அடுத்ததைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்டேன்.

"எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவரு இருந்தாரா? லோடு லோடுன்னு கத்திக்கிட்டு?"

சிஸ்டரும் டாக்டரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருந்தாருண்ணா. பிரான்சுல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவரு. கடைசில அவருக்கு தமிழே வரல, பிரெஞ்சுதான் பேசுனாரு. லோன்னா பிரெஞ்சுல தண்ணியாம், அததான் கேட்டிருக்காரு. எங்களுக்கும் புரியல. அவரு பொண்ணு வந்துதான் சொன்னாங்க."

"அவர தூக்கிப் போட்டாங்களே?"

"எங்கயும் போடலண்ணா. அவரு தவறிட்டாரு. நாலு பேரு சேந்து ஸ்ட்ரெச்சருக்கு மாத்துனோம். தெர இழுத்துதான் இருந்துச்சி, எப்படியோ பாத்திருக்கீங்க."

அப்படியானால் எண்ணிக்கை சரிதான், எது முன்னால் எது பின்னால் என்பதுதான் என் மண்டைக்குள் மாறிவிட்டது. ஒன்பது இருந்தது, எட்டானது. நான் பார்த்ததில் பொய்யும் நிஜமும் பின்னிக் கிடந்தது. தண்ணீர் கேட்ட மனிதருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு லோடு அதிகம் என்று கூடக் கத்தியிருக்கிறேன். அங்கேயே வீல் சேரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. அழுது முடித்ததும் கண்ணாடிக் கதவுப் பக்கம் கையைக் காட்டி, "அப்பல்லாம் உங்க வீட்டம்மா அங்கதான் நின்னுக்கிட்டு இருப்பாங்க. நீங்க அவங்கள பாத்தா சத்தம் போடுறீங்கன்னு வெளியவே நின்னு பாப்பாங்க" என்றார். கதவின் அந்தப்பக்கம் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை.

அன்று முழுக்க என் மனைவி வரவில்லை. கேட்டில் நடந்ததற்குப் பிறகு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். லாஸ்பேட்டையில் காலேஜ் விட்டதும் ஸ்கூட்டரில் என் மகள் வந்தாள். அம்மா எங்கே என்றேன். "தூங்குறாங்க" என்றாள். அவள் என்னை நேராகப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை என் மனைவியே வந்தாள். டாக்டரம்மா போன் செய்து பேசியிருக்கிறார். வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்துவந்த எதையும் வெளியே எடுக்கவில்லை.

"எல்லாம் சொன்னாங்க டாக்டரம்மா. உடம்புதான் காரணம்னு புரியுது."

"ம்."

"ஆனா ஒண்ணு. அழுவறவ உன் பொண்டாட்டி இல்லன்னு சொன்ன பாரு." கோபம் வந்தால்தான் அவள் என்னை 'நீ' என்பாள். "இருவத்திமூணு வருஷம். உன் எதிர்ல அழக்கூடாதுன்னு பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். எங்கப்பா செத்தப்பகூட. நீ டென்ஷனாவன்னு. அப்படி இருந்ததுக்கு கெடச்சது இதுதானா? அழுதா ஆளே தெரியாம பூடுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அவள் தன்னை எனக்குத் தெரியாமல் வைத்திருந்ததும், நான் கேட்காமல் இருந்ததும் சேர்ந்து இருபத்துமூன்று வருஷம் ஓடியிருக்கிறது. இதில் காய்ச்சலின் மேல் எவ்வளவு பழியைப் போட முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அப்போது டீக்காரர் வந்தார். அவள் எழுந்து இரண்டு டம்ளர் வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "யோவ், இன்னாய்யா இது, டீயா பாயாசமா? ஆபரேஷன் பண்ண ஆளுக்கு குடுக்குறதா இது? உன் சக்கர டப்பா ஓட்டையா?" என்று பிடித்தாள். அவர் ஏதோ சமாதானம் சொன்னார், அவள் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் சுருக்கென்று இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, இவள்தான். சந்தேகமே இல்லை. இவளேதான். அது எந்த நொடியில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளிடம் உடனே சொல்லிவிட்டேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, "சண்ட போட்டாத்தான் தெரியுதா?" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தெருவில் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப் சத்தத்துக்குத் தூக்கிப்போடும். மொட்டை மாடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். இவள்தான் என்ற அந்தத் தெளிவும் வந்து வந்து போகும். சில காலைகளில் எழுந்து அவளைப் பார்த்தால் ஒரு விநாடி வெறுமையாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். வாரம் ஒருமுறை டாக்டரம்மாவிடம் போனேன். எந்தச் சத்தம் எதை ஞாபகப்படுத்துகிறது என்று எழுதச் சொன்னார், எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். முதல் நாள் ஒரு குடும்பத்துக்கு ஜாக்கெட் மாட்டும்போது பக்கிள் மாட்டாமல் மூன்று தடவை நழுவியது. அந்த வீட்டுப் பெண்மணியே மாட்டிக்கொண்டார். பத்துப் பதினைந்து நாளில் அதுவும் பழகிவிட்டது.

நான் தேறத் தேற, என் மனைவிக்கு உடம்பு கெட்டுக்கொண்டே போனது. நான் கவனிக்கவில்லை, என் மகள்தான் சொன்னாள்.

"அப்பா, அம்மா தூங்கறதே இல்ல. நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காங்க. கம்பெனி பஸ்ஸ இந்த வாரம் ரெண்டு நாள் விட்டுட்டாங்க."

என் மனைவி சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். பத்து வருஷத்தில் ஒரு நாள்கூடப் பஸ்ஸை விட்டதில்லை. அதன் பிறகு கவனித்தேன். என் போன் அடித்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டாள். நான் வேலையிலிருந்து வரக் கால்மணி நேரம் தாமதமானால் தெருமுனையில் நின்றாள். சோறு குறைந்துவிட்டது.

"டாக்டரம்மாவ ஒரு வாட்டி பாத்துட்டு வரலாம் வா."

"எனக்கு இன்னா? நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கா புத்தி கலங்குச்சி?"

"நானும் பைத்தியம் இல்லன்னுதான் சொன்னேன்."

முறைத்தாள். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை தானாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து, "வண்டிய எடுங்க" என்றாள்.

டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். நானும் எழுந்தேன். "நீங்க இருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் லேசாகக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். எழுந்து நடந்தேன். தண்ணீர் குடித்தேன். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களை எல்லாம் படித்தேன். இவ்வளவு நேரம் என்ன பேசுகிறாள்? என்னிடம் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியதில்லையே. ஐசியு கதவுக்கு வெளியே அவள் ஒன்பது நாள் இப்படி நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது மறுபடி உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் மறுபடி எழுந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

முகம் கழுவிய மாதிரி இருந்தாள். கையில் ஒரு சீட்டு.

"அடுத்த வியாழக்கெழமையும் வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வர வேணாம்."

"ஏன்?"

"நீங்க வெளிய நடக்குற சத்தம் உள்ள கேக்குது. நான் மெதுவா பேச வேண்டியிருக்கு."

அடுத்த வியாழக்கிழமை அவளை கேட்டில் இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். எனக்கு வீட்டுக்குப் போகவும் மனமில்லை, அங்கே நிற்கவும் அனுமதி இல்லை. பீச் ரோடு வரைக்கும் போய், வண்டியை நிறுத்தாமல், அவள் போன் செய்யும் வரை சுற்றிக்கொண்டே இருந்தேன்.